மாதச் சுழற்சியும் கனவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"பீரியட்ஸுக்கு ரெண்டு நாள் இருக்கும்போது கண்ட கண்ட கனவெல்லாம் வருதுடி" என்று ஒருத்தி ஆரம்பித்தால் போதும், சுற்றி இருக்கும் நாலு பேரில் ஒருத்தியாவது "எனக்கும்தான்" என்பாள். பேச்சு அதோடு நின்றுவிடும். யாராவது டீ போட எழுந்து போவார்கள். உடல்நலம் பற்றி எழுத ஆரம்பித்த பிறகு இதே பேச்சு என்னிடம் கேள்விகளாக வரத் தொடங்கியது. படித்துத் தெரிந்துகொண்டதையும், ஒரு பழைய பால் கணக்கு நோட்டில் ஏழு மாதம் நானே குறித்து வைத்ததையும் சேர்த்துப் பதில் சொல்கிறேன். நான் டாக்டர் இல்லை.

பீரியட்ஸுக்கு முந்தின வாரம் கனவு நிஜமாகவே அதிகம் வருகிறதா, இல்லை எனக்குத்தான் அப்படித் தோன்றுகிறதா?

நீங்கள் கவனித்தது சரிதான். ஆனால் கூடுவது பெரும்பாலும் விழிப்பு. அதனால் கனவு கூடினமாதிரி இருக்கிறது.

நாம் எல்லோரும் ஒரு ராத்திரியில் நாலைந்து முறை ரெம் தூக்கத்துக்குள் போய் வருகிறோம். மூடிய இமைக்குள் கண் அங்குமிங்கும் ஓடுகிற தூக்கம் அது. 1953-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் யூஜின் அசெரின்ஸ்கியும் நதானியேல் கிளைட்மனும் அதைப் பற்றி எழுதினார்கள். நீளமான, கதை மாதிரியான கனவுகள் பெரும்பாலும் அப்போதுதான் ஓடுகின்றன. இடையில் முழிப்பு வராமல் தூங்கினால் அத்தனையும் போன இடம் தெரியாது. கனவின் நடுவிலோ முடிந்த கையோடோ முழித்தால்தான் அது கையில் சிக்கும். பீரியட்ஸுக்கு முந்தின சில நாட்களிலும் முதல் இரண்டு நாட்களிலும் பல பெண்களுக்குத் தூக்கம் அடிக்கடி அறுபடுகிறது. அடிக்கடி வலையைத் தூக்கிப் பார்க்கிறவருக்கு அடிக்கடி மீன் தெரியும். அதற்காகக் கடலில் மீன் கூடிவிட்டது என்று சொல்ல முடியாது.

வேடிக்கை என்னவென்றால், கருமுட்டை வெளியான பிறகு வரும் நாட்களில் ரெம் தூக்கம் கொஞ்சம் குறைகிறது என்றே தூக்க ஆய்வுக்கூடங்களின் அளவீடுகள் பலவும் காட்டுகின்றன. கனவுக்கான நேரம் குறைகிறது, நினைவில் நிற்கும் கனவோ கூடுகிறது. முழிப்பைக் கணக்கில் எடுக்காவிட்டால் இந்த முடிச்சு அவிழாது.

எந்த நாளில் எந்த ஹார்மோன்? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

ரத்தம் பட்ட முதல் நாள்தான் ஒன்றாம் நாள். தலைக்கு ஊற்றிய நாளிலிருந்து எண்ணுகிறவர்களுக்குக் கணக்கு மூன்று நாள் தள்ளிப்போகும், கவனம். அந்த முதல் சில நாட்களில் ஈஸ்ட்ரோஜென், புரோஜெஸ்டிரோன் இரண்டுமே தரைமட்டத்தில் இருக்கும். பிறகு ஈஸ்ட்ரோஜென் ஏறி, முட்டை வெளியாவதற்குச் சற்று முன்னால் உச்சம் தொடும். முட்டை இருந்த பை அதன்பின் ஒரு மஞ்சள் கட்டியாக மாறிப் புரோஜெஸ்டிரோனைச் சுரக்கும். ஏறக்குறைய ஒரு வாரத்தில் அதுவும் உச்சிக்குப் போகும். கரு தங்கவில்லை என்றால் இரண்டும் சரசரவென்று இறங்கும். அந்த இறக்கம்தான் பீரியட்ஸ்.

28 நாள் என்பது ஒரு வசதிக்கான எண். 2019-இல் ஓர் ஆப்பில் பதிவான 6 லட்சத்துக்கும் அதிகமான சுழற்சிகளை அலசியபோது சராசரி 29.3 நாள் என்று வந்தது. முட்டை வெளியாகும் வரையிலான முன்பகுதிதான் ஆளுக்கு ஆள், மாதத்துக்கு மாதம் அதிகம் நீண்டு சுருங்குகிறது. ஆகவே "14-ஆம் நாள் இன்ன கனவு, 21-ஆம் நாள் இன்ன கனவு" என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் அட்டவணைகளை அப்படியே விட்டுவிடுங்கள்.

ஹார்மோன் கருப்பையில் வேலை செய்கிறது, சரி. கனவுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

முதல் சம்பந்தம் சூடு. என் நோட்டில் இது பளிச்சென்று தெரிந்தது. காலையில் பாயைவிட்டு எழுவதற்கு முன் நாக்குக்கு அடியில் தெர்மாமீட்டர். ஒரு மாதம் 97.3, 97.4 டிகிரி ஃபாரன்ஹீட் என்று இரண்டு வாரம் ஓடியது. ஒரு வியாழக்கிழமை 97.9. மறுநாள் 98.1. பீரியட்ஸ் வந்த அன்று மறுபடி 97.5. காய்ச்சல் எதுவும் கிடையாது. முட்டை வெளியான பிறகு புரோஜெஸ்டிரோன் உடம்புச் சூட்டை 0.3 முதல் 0.5 டிகிரி செல்சியஸ் வரை ஏற்றிவிடுகிறது. குழந்தைக்காகக் காத்திருக்கும் தம்பதிகளுக்கு டாக்டர்கள் இதே கணக்கைச் சொல்லிக்கொடுப்பதுண்டு.

அரை டிகிரியில் என்ன வந்துவிடப்போகிறது என்று நானும் நினைத்திருக்கிறேன். நல்ல தூக்கத்துக்கு ராத்திரியில் உடம்பின் உள்சூடு இறங்க வேண்டும். இந்த நாட்களில் அந்த இறக்கம் மழுங்கிவிடுகிறது. இன்னொன்று, ரெம் தூக்கத்தில் வியர்த்துக் குளிரவைக்கும் ஏற்பாடு பெருமளவு மந்தமாகிவிடும். சூடு கூடினால் அந்த நேரத்தில் உடம்புக்குத் தெரிந்த வழி, கனவை அறுத்துக்கொண்டு வெளியே வருவதுதான். கத்திரி வெயில் நாளில், கரண்ட் போன ராத்திரியில், ஃபேன் நின்ற நொடியில் பாதிக் கனவோடு எழுந்து உட்கார்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. புரோஜெஸ்டிரோன் அதையே கொஞ்சம் மெதுவாக, உள்ளேயிருந்து செய்கிறது.

புரோஜெஸ்டிரோன் தூக்கம் தரும் ஹார்மோன் என்று படித்தேனே?

சரியாகத்தான் படித்திருக்கிறீர்கள். 1941-இல் ஹான்ஸ் செல்யே எலிகளுக்கு அதிக அளவில் அதைக் கொடுத்தபோது அவை மயங்கித் தூங்கிவிட்டன. காரணம் பிற்பாடுதான் புரிந்தது. உடம்பு புரோஜெஸ்டிரோனை உடைத்து அலோபிரெக்னனலோன் என்று ஒன்றைச் செய்கிறது. தூக்க மாத்திரைகள் மூளையில் எந்தப் பூட்டைத் திறக்கின்றனவோ மூளையை அமைதிப்படுத்தும் அதே காபா பூட்டை இதுவும் திறக்கிறது. இதே பொருளை மருந்தாகச் செய்து, பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வுக்கு 60 மணிநேரம் சொட்டுச் சொட்டாக நரம்பில் ஏற்றலாம் என்று அமெரிக்கா 2019-இல் அனுமதி கொடுத்தது. நம் கருப்பைக்குப் பக்கத்தில் மாதாமாதம் தயாராகிற சரக்கின் வீரியம் அது.

தூக்கத்தின்போது மூளை அலைகளைப் பதிவுசெய்தால் இதன் கைவண்ணம் தெரியும். லேசான தூக்கத்தில் நொடிக்கு 12 முதல் 15 முறை துடித்து அடங்கும் சின்னச் சின்ன அலைக்கொத்துகள் வரும். நூல் சுற்றிய கதிர்போல நடுவில் பருத்து இரு முனையிலும் மெலிந்திருக்கும். முட்டை வெளியான பிறகு இவை கூடுகின்றன. இந்தத் துறையில் மாதாமாதம் மாறும் விஷயங்களில் ரொம்ப உறுதியாகத் தெரிந்தவற்றில் இது ஒன்று.

பிரச்சினை மருந்து இருக்கும்போது இல்லை, அது தீரும்போது. பீரியட்ஸுக்கு முந்தின சில நாட்களில் புரோஜெஸ்டிரோன் வேகமாக இறங்குகிறது. தினமும் ஒரு தூக்க மாத்திரை போட்டுவந்தவர் திடீரென்று நிறுத்தினால் என்ன ஆகும்? எலிகளில் செய்த சோதனைகளில் புரோஜெஸ்டிரோனைச் சட்டென்று நிறுத்தியபோது அவற்றின் பதற்றம் கூடியது. மனிதர்களிலும் அதேதானா என்று சத்தியம் செய்ய முடியாது. ஆனால் அந்த நாலைந்து நாளில் சிடுசிடுப்பு, படபடப்பு, துரத்துகிற கனவு மூன்றும் சேர்ந்து வருவதற்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் என் கண்ணில் படவில்லை.

விடியற்காலைக் கனவு பலிக்கும் என்கிறார்கள். இந்த நாட்களில் விடியற்காலையில்தான் பயங்கரமாக வருகிறது. பயப்பட வேண்டுமா?

வேண்டாம். ராத்திரி போகப்போக ரெம் தூக்கம் நீளும். முதல் சுற்றில் சில நிமிடம் மட்டும். விடியும் தறுவாயில் அரை மணி, சில சமயம் அதற்கும் மேல். உடம்பு வேறு முழிப்பை நோக்கி நகர்ந்துகொண்டிருக்கும். ஆக, நீளமான கனவு, கூடவே முழிப்பும். அதனால்தான் நாலரை மணிக் கனவு பல் விளக்கும்போதும் கூடவே நிற்கிறது, பன்னிரண்டு மணிக் கனவு நிற்பதில்லை. நம் பாட்டிகள் கவனித்தது சரி, பலன் சொன்னதுதான் அவர்கள் சொந்தச் சேர்க்கை.

இதைப் பற்றி யாராவது ஒழுங்காக ஆராய்ந்திருக்கிறார்களா?

ஆராய்ந்திருக்கிறார்கள். ஒழுங்காகவா என்றால் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

1930-களின் கடைசியில் சிகாகோவில் தெரஸ் பெனடெக் என்ற மனப்பகுப்பாய்வு மருத்துவர் ஒரு துணிச்சலான வேலை செய்தார். ஹங்கேரியில் பிறந்தவர். சிகிச்சைக்கு வரும் பெண்கள் சொல்லும் கனவுகளை அவர் ஒரு பக்கம் எழுதிவைப்பார். போரிஸ் ரூபன்ஸ்டைன் என்ற சக ஆய்வாளர் அதே பெண்களின் பிறப்புறுப்பு ஸ்மியரையும் (துடைத்தெடுத்த செல் மாதிரி) உடம்புச் சூட்டையும் வைத்து ஹார்மோன் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று தனியே கணிப்பார். பிறகு இரண்டையும் பொருத்திப் பார்ப்பார்கள். கனவையும் பேச்சையும் மட்டும் வைத்தே முட்டை வெளியான நாளைச் சொல்லிவிடலாம் என்பது அவர்கள் முடிவு. ஈஸ்ட்ரோஜென் ஏறும் நாட்களில் மனம் வெளியே, ஆணை நோக்கிப் போகிறது, புரோஜெஸ்டிரோன் நாட்களில் உள்ளே திரும்பித் தாய்மையை நாடுகிறது என்றார்கள். 1939-இல் கட்டுரைகளாக வந்தது.

ரத்தத்தில் ஹார்மோனை நேரடியாக அளக்க முடியாத காலத்தில் இப்படி யோசித்ததற்காக அவர்களைக் கும்பிடலாம். முடிவை அப்படியே ஏற்க எனக்கு மனமில்லை. பெண் மனம் இப்படித்தான் இருக்கும் என்ற அந்தக் காலத்து நம்பிக்கை ஏற்கெனவே கையில் இருந்தது, கனவு அதற்கேற்ப வளைந்துகொடுத்தது. கனவு எதற்கும் வளையும்.

1966-இல் எர்னஸ்ட் ஹார்ட்மன் ஆய்வுக்கூடத்தில் அளந்து, சுழற்சியின் கடைசி நாட்களில் ரெம் தூக்கம் கூடுகிறது என்றார். பிற்பாடு ஹெலன் டிரைவர், ஃபியோனா பேக்கர் போன்றவர்கள் செய்த நுட்பமான அளவீடுகள் வேறு பக்கம் சாய்ந்தன. இத்தகைய ஆய்வு எதையும் படிக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது எத்தனை பெண்கள் என்ற எண்ணை. பெரும்பாலும் விரல்விட்டு எண்ணிவிடலாம். மாதம் முழுக்கத் தலையில் வயர் ஒட்டிக்கொண்டு ஆய்வுக்கூடத்தில் தூங்க யார் வருவார்கள்? எல்லோரும் இளவயது, எல்லோருக்கும் சீரான சுழற்சி. நாற்பது வயதில் இரண்டு பிள்ளைகளோடு ஒரே அறையில் படுப்பவள் அந்தச் சராசரிக்குள் இல்லை.

ரத்தம், பாம்பு, பல் கொட்டுவது, கதவில்லாத பாத்ரூம்... இவற்றுக்கெல்லாம் அர்த்தம் உண்டா?

பாம்பும் பல்லும் எனக்குத் தெரியாத வித்தை. ரத்தத்துக்கும் பாத்ரூமுக்கும் சாதாரண விளக்கம் இருக்கிறது.

தூங்கும்போது உடம்புக்கு நடப்பது கனவுக்குள் கசியும். 1958-இல் வில்லியம் டிமென்ட்டும் எட்வர்ட் வோல்பர்ட்டும் ரெம் தூக்கத்தில் இருந்தவர்கள்மேல் தண்ணீர் தெளித்து, கொஞ்ச நேரத்தில் எழுப்பிக் கனவைக் கேட்டார்கள். 42 சதவீதக் கனவுகளில் ஏதோ ஒரு வகையில் தண்ணீர் வந்திருந்தது. கூரை ஒழுகியது, மழை பெய்தது என்பதுபோல.

இப்போது ரெண்டாம் நாள் ராத்திரியை யோசியுங்கள். அடிவயிற்றில் பிடிப்பு. ஈரம். புரண்டு படுத்தால் பெட்ஷீட்டில் பட்டுவிடுமோ என்ற பயம். அந்தப் பயம் தூங்கினாலும் தூங்காது. விருந்தாளியாகப் போன வீட்டில் படுத்திருந்தபோது எனக்கு வந்த கனவு இது: வெள்ளைப் புடவையில் பள்ளிக்கூட மேடையில் நிற்கிறேன், திரும்பி நடக்கச் சொல்கிறார்கள், நான் மட்டும் சுவரோடு ஒட்டிக்கொண்டு பக்கவாட்டில் நடக்கிறேன். முழித்ததும் முதல் வேலையாக டார்ச் அடித்து விரிப்பைப் பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. அந்தக் கனவுக்குப் பலன் தேட எனக்குத் தோன்றவே இல்லை.

கேட்கவே கூச்சமாக இருக்கிறது. சுழற்சியின் நடுவில் வேறு மாதிரிக் கனவுகள் வருகின்றன...

கூச்சப்பட ஒன்றுமில்லை. ரெம் தூக்கத்தில் பிறப்புறுப்புக்கு ரத்த ஓட்டம் கூடுவது ஆண், பெண் இருவருக்கும் ராத்திரிதோறும் நடக்கிறது, கனவு எதுவாக இருந்தாலும். முட்டை வெளியாகும் நாட்களை ஒட்டிப் பல பெண்களுக்கு நாட்டமும் கொஞ்சம் கூடும். கனவில் வந்த ஆள் யார் என்பதைப் பற்றிக் குற்ற உணர்ச்சி வேண்டாம். கனவுக்கு ஆள் பிடிக்கும் வேலை உங்களைக் கேட்டு நடப்பதில்லை.

அந்த மூன்று நாளும் எங்கள் வீட்டில் தனியாகப் படுக்கச் சொல்வார்கள். கனவு அதனாலும் மாறுமா?

இந்தக் கேள்வியை எந்த மேல்நாட்டு ஆய்வும் கேட்டுக்கொண்டதாக நான் பார்க்கவில்லை, நமக்கோ இது முக்கியமான கேள்வி. மெத்தையைவிட்டுப் பாய்க்கு, அறையைவிட்டுத் திண்ணைக்கோ பின்கட்டுக்கோ போகிறவளின் தூக்கம் ஹார்மோன் இல்லாமலேயே மாறும். புது இடத்தில் முதல் ராத்திரி தூக்கம் கெடுவது தூக்க ஆய்வாளர்களுக்குப் பழைய தலைவலி. அதனாலேயே முதல் நாள் பதிவைப் பல ஆய்வுகளில் தள்ளிவிடுவார்கள். 2016-இல் அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் ஒருபடி மேலே போய்ப் பார்த்தார்கள். புது இடத்து முதல் இரவில் ஆழ்ந்த தூக்கத்தின்போது மூளையின் ஒரு பாதி மற்றதைவிட விழிப்பாக இருந்து சத்தங்களுக்குக் காவல் காத்தது.

மாதாமாதம் முதல் இரவை அனுபவிக்கும் ஒருத்திக்குக் கனவு கூடினால் பழியை முழுக்கப் புரோஜெஸ்டிரோன்மேல் போட முடியாது. கொசு, குளிர்ந்த தரை, தாழ்ப்பாள் சரியில்லாத கதவு, "தீட்டு" என்ற சொல், எல்லாவற்றுக்கும் பங்குண்டு.

வலி அதிகமுள்ளவர்களுக்கு?

வலிக்குக் காரணமான புரோஸ்டாகிளான்டின் என்ற ரசாயனம் ராத்திரித் தூக்கத்தைத் துண்டு துண்டாக்குகிறது. கடுமையான வலி உள்ளவர்களுக்கு அந்த நாட்களில் ரெம் தூக்கம் குறைவதை அளந்திருக்கிறார்கள். வலி தாங்காமல் முழித்த பிறகு மாத்திரை போடுவதைவிட, டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரையைச் சாப்பிட்ட கையோடு படுக்கும் முன்பே போடுவது பலன் தரும். மெஃபெனமிக் அமிலம் போன்றவை அந்தப் பொருள் உண்டாவதைத் தடுப்பவை. உண்டான பிறகு ஓடிப்போய்ப் பிடிப்பது கஷ்டம். அல்சர், ஆஸ்துமா, கிட்னி பிரச்சினை உள்ளவர்கள் கேட்காமல் போடக்கூடாது.

நான் கருத்தடை மாத்திரை எடுக்கிறேன். / எனக்குப் பிசிஓஎஸ் இருக்கிறது. இதெல்லாம் எனக்குப் பொருந்துமா?

மாத்திரை எடுப்பவர்களுக்கு இயற்கையான ஏற்ற இறக்கம் அடங்கிவிடும். செயற்கைப் புரோஜெஸ்டின் உடம்புச் சூட்டை மாதம் முழுக்கவே சற்று ஏற்றிவைக்கும். வேறொரு விஷயம் பலருக்குத் தெரியாது: இந்த மாத்திரைகள் எடுக்கும்போது காஃபியின் வீரியம் ரத்தத்தில் தங்கும் நேரம் ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. ஆறு மணி ஃபில்டர் காபி நடுராத்திரி தாண்டியும் உள்ளே உட்கார்ந்திருக்கும். கனவு கலங்கினால் முதலில் அந்த டம்ளரைப் பாருங்கள்.

பிசிஓஎஸ் உள்ளவர்களுக்குப் பல மாதங்களில் முட்டையே வெளியாகாது. முட்டை இல்லையேல் புரோஜெஸ்டிரோன் ஏற்றமும் இல்லை, சூடும் ஏறாது. அதனால் மேலே சொன்ன தாளம் தெரியாமல் போகலாம். வயதுக்கு வந்து ஒன்றிரண்டு வருடமே ஆன பெண்களுக்கும் பெரும்பாலும் இதேதான்.

கர்ப்பமாக இருந்தபோதும் பிரசவத்துக்குப் பிறகும் கனவுகள் ரொம்பத் தெளிவாக இருந்தன. அதுவும் ஹார்மோனா?

ஹார்மோன் பாதி, முழிப்பு பாதி. ஒன்பதாம் மாதத்தில் எத்தனை முறை பாத்ரூம் போனோம் என்று எண்ணிப் பாருங்கள். மான்ட்ரியாலில் டோரே நீல்சன் குழு 2007-இல் எழுதியது மனதில் நிற்கிறது: குழந்தை போர்வைக்குள் தொலைந்துவிட்டதாகக் கனவு கண்டு, பாதித் தூக்கத்திலேயே படுக்கையைத் தடவித் தேடும் தாய்மார்கள் நிறைய. குழந்தை பத்திரமாகத் தொட்டிலில் இருக்கும். என் அக்கா தலையணையைத் தட்டிக்கொடுத்துத் தாலாட்டியிருக்கிறாள்.

மாதவிடாய் நிற்கும் வயதில்?

திடீர் சூடும் வியர்வையும் எழுப்பிவிடும். எழுந்தால் கனவு நினைவிருக்கும். தாளம் மட்டும் தப்பிவிடும், எந்த வாரம் என்று சொல்ல முடியாது.

எப்போது டாக்டரைப் பார்க்க வேண்டும்?

கனவு மோசமாக இருப்பதற்காக மட்டும் வேண்டாம். தூங்கவே பயமாக இருந்தால், பகல் வேலை கெட்டால், ஒவ்வொரு மாதமும் பீரியட்ஸுக்கு முந்தின வாரத்தில் வாழ்வே வேண்டாம் என்கிற அளவுக்கு மனம் இருண்டு, ரத்தம் பட்ட ஒன்றிரண்டு நாளில் வெயில் அடித்தமாதிரி தெளிந்தால் கட்டாயம் பாருங்கள். கடைசியாகச் சொன்னதற்கு பிஎம்டிடி (மாதவிடாய்க்கு முந்தைய கடும் மனநிலைக் கோளாறு) என்று பெயர். மனநல மருத்துவர்களின் அமெரிக்கக் கையேட்டில் 2013 முதல் முறையான நோயாக இடம்பெற்றிருக்கிறது.

"ஹார்மோன் டெஸ்ட் நார்மல், உனக்கு ஒன்றுமில்லை" என்று அனுப்பப்பட்டவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1998-இல் பீட்டர் ஷ்மிட் குழு, மாதவிடாய்க்கு முந்தைய தொல்லை உள்ள பெண்களுக்கும் இல்லாத பெண்களுக்கும் சுரப்பை மருந்தால் நிறுத்தி, பிறகு அதே அளவு ஹார்மோனைக் கொடுத்துப் பார்த்தது. தொல்லை இருந்தவர்களுக்குத் தொல்லை திரும்ப வந்தது. மற்றவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அளவில் தவறில்லை, அதை மூளை வாங்கிக்கொள்ளும் விதத்தில்தான் வித்தியாசம். டெஸ்ட் நார்மலாகத்தான் வரும்.

இதற்குக் கொடுக்கப்படும் மனச்சோர்வு மாத்திரைகள் பல ரெம் தூக்கத்தைக் குறைப்பவை. ஒருநாள் போட மறந்தால் கனவு வெள்ளமாக வரலாம். மாத்திரையைத் தானாக நிறுத்தாதீர்கள். உடனடியாகப் பேச ஆள் வேண்டுமானால் அரசின் டெலி மானஸ் எண் 14416, தமிழிலும் பேசுவார்கள்.

கால் குடைச்சலால் முழிப்பு வந்தால் ஹீமோகுளோபினோடு இரும்புச்சத்தின் இருப்பையும் பாருங்கள். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்கிறது ஐந்தாவது தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பு. இரும்புச்சத்து குறைந்தால் ராத்திரியில் காலை அசைத்துக்கொண்டே இருக்கத் தோன்றும்.

ஒரே கெட்ட கனவு திரும்பத் திரும்ப வருகிறது. ஏதாவது செய்ய முடியுமா?

முடியும். பகல் வெளிச்சத்தில் அந்தக் கனவை எழுதுங்கள். பிறகு முடிவை உங்கள் இஷ்டத்துக்கு மாற்றி எழுதுங்கள். நியாயமாக இருக்க வேண்டும் என்றில்லை. துரத்துகிற மாடு கடைசியில் வைக்கோல் கேட்கலாம். அந்தப் புதுக் கதையைத் தினமும் பத்து இருபது நிமிடம் மனதுக்குள் ஓட்டுங்கள். கேட்க விளையாட்டாக இருக்கும், ஆனால் கெட்ட கனவுகளுக்கு மருத்துவர்களே பரிந்துரைக்கும் முறை. அதிர்ச்சியான சம்பவத்தின் நினைவாக வரும் கனவென்றால் தனியாகச் செய்யாமல் ஆலோசகரோடு செய்யுங்கள்.

நானும் நோட்டு போடலாம் என்று பார்க்கிறேன். என்ன எழுதுவது?

நோட்டும் பென்சிலும் தலையணைப் பக்கத்தில். போனில் வேண்டாம், திறந்தால் மெசேஜ் வரும், கனவு போய்விடும். முழித்ததும் அசையாமல் ஒரு நிமிடம் படுத்திருந்துவிட்டு எழுதுங்கள். தேதி, எத்தனையாம் நாள், எத்தனை தடவை முழிப்பு வந்தது, ஏன் வந்தது, பிறகு கனவு இரண்டு வரி. கனவு இல்லாத நாளிலும் முழிப்புக் கணக்கை விடாதீர்கள், அதுதான் முக்கியம். பீரியட்ஸ் வந்ததும் அந்தத் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணிப் பக்க ஓரத்தில் எழுதுங்கள். மூன்று மாதமாவது போனால்தான் ஏதாவது தெரியும். ஒரு மாதத்தை வைத்து எதையும் நம்பாதீர்கள்.

உங்கள் நோட்டில் கடைசியில் என்ன தெரிந்தது?

பீரியட்ஸுக்கு முந்தின மூன்று நாளிலும் முதல் ராத்திரியிலும் பக்கங்கள் நிறைந்திருந்தன. எதிர்பார்த்ததுதான். ஆனால் நாலாவது மாதத்தில் சுழற்சியின் நட்டநடுவில், சூடு இன்னும் ஏறாத நாட்களில், ஒரு வாரம் முழுக்கக் கனவு கனவாக எழுதியிருந்தேன். ஹார்மோனை வைத்து அதற்கு ஒரு விளக்கமும் கிடைக்கவில்லை. பிறகு முழிப்புக்கான காரணம் எழுதிய பத்தியைப் பார்த்தேன். ஏழு நாளும் ஒரே சொல்: நாய். எதிர்வீட்டு வாசலில் குட்டி போட்டிருந்தது, மூன்று மணிக்கு யார் நடந்தாலும் குரைக்கும்.